மாமா தேடிய ஸ்டீரியோ

மூன்றாவது ஸ்டீரியோவையும் மாமா வேண்டாம் என்று சொன்னபோது, சனாவுல்லா பாய் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.  நானாக இருந்தால் கையில் இருந்த ஸ்குரூ டிரைவரைத் தூக்கி ரோட்டில் எறிந்திருப்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும் என்பது மேட்டுப்பட்டி முழுக்கத் தெரிந்த விஷயம். பாய்க்குப் பொறுமை அதிகம். பழனி ரோட்டில் கார் ஸ்டீரியோ மாட்டுகிற கடைகள் எத்தனையோ இருந்தும், அவர் கடைக்கு முன்னால்தான் எப்போதும் வண்டிகள் நிற்கும்.

“பாட்டு நல்லாத்தானே கேக்குது மாமா? இம்புட்டுத் தெளிவா எந்தக் கார்ல கேக்கும்?” என்றேன்.

“பாட்டெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு.”

“அப்பறம் என்னதான் கொறையாம்?”

“பேச்சு சரியா வரல.”

மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அப்பா, ராயப்பராஜ். எழுபதைத் தாண்டியவர். பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பரீட்சைப் பேப்பரில் தப்பைக் கண்டுபிடித்த முகத்தோடு காரின் பக்கத்தில் நின்றார்.

பாய் விடவில்லை. “பேச்சு மட்டும் தெளிவா வேணும்னா பாஸைக் கொறச்சு ட்ரெபிளைக் கூட்டித் தாரேன் சார். குரல் அப்படியே முன்னாடி வந்து நிக்கும்.”

“அதெல்லாம் பண்ணிப் பாத்துட்டேன் பாய். முன்னாடிதான் வருது. ஆனா சரியா வரல.”

 செட்டில் இருந்து பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் ஜெபமாலையோடு போட்டுக்கொண்டார்.

ஒவ்வொரு முறையும் இதே கூத்துதான். புது செட்டை மாட்டி முடித்ததும் மாமா எல்லோரையும் விலகச் சொல்வார். தான் மட்டும் உள்ளே ஏறிக் கதவைச் சாத்துவார், கண்ணாடிகளை ஏற்றுவார். பங்குனி வெயில் தலையைப் பிளக்கும். ஏ.சி.யும் போடமாட்டார், காற்றுச் சத்தம் இடைஞ்சலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெரியவர் கண்ணை மூடி ஜெபம் பண்ணுகிறார் என்று நினைப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் தொப்பலாக நனைந்து இறங்குவார். இறங்கும்போது அவர் முகத்தில் வெயில் அடித்த களைப்பு மட்டும் இருந்ததில்லை. பயம் இருந்தது. அதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன். கவனித்தும், கோபம்தான் முதலில் வந்தது.

அந்தக் கார் என் வீட்டுக்காரர் இனிகோவுடையது. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய பழைய மாருதி. அதைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுத்தான் மஸ்கட் பக்கம் ஒரு கம்பெனிக்கு லாரி ஓட்டப் போனார். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, தங்கியிருந்த கேம்ப்பை விட்டு வெளியே போனவர் திரும்பவில்லை என்று தகவல் வந்தது. அவ்வளவுதான் தகவல். ஆளும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. எழுதிப் போடாத இடமில்லை, ஏறி இறங்காத படியில்லை.

சொந்தக்காரர்கள் முதல் வருடம் எனக்காக அழுதார்கள். இரண்டாவது வருடம் புத்தி சொன்னார்கள். அப்புறம், கல்லறைத் திருநாளன்று அவர் பெயருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினால் என்ன என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டவர் வீட்டு வாசலை நான் அதற்குப் பிறகு மிதித்ததில்லை. ‘இனிகோ இருந்தார்’ என்று என் முன்னால் யாரும் சொல்லக்கூடாது. ‘இருக்கார்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஊரில் அப்படிச் சொல்ல இரண்டே பேர்தான் மிச்சம், மாமாவும் நானும். மாமா நம்புகிறாரே என்று நான் நம்பினேன். நான் நம்புகிறேனே என்று மாமா நம்பியிருப்பார். அத்தை ஆனந்தமேரி இதையெல்லாம் பார்க்காமல் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் வீடு அந்த ஒரு சொல்லின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

நான் சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை எடுத்து வாட்ஸ்அப்பில் விற்கிறேன். வாரத்தில் ஓரிரு தடவை தறிக்காரர்கள் வீட்டுக்குப் போய்வர வேண்டும். மாமா பக்கத்து சீட்டில் துணைக்கு வருவார். பழைய சி.டி. செட் செத்துப்போனதால், யு.எஸ்.பி. போட்டுப் பாட்டுக் கேட்கிற மாதிரி ஒன்று மாட்டலாம் என்று முதலில் சொன்னதே நான்தான். “மாட்டுறதுதான் மாட்டுற, சத்தம் சுத்தமா இருக்கிற செட்டாப் பாரு” என்று மாமா சொன்னபோது, வயசான காலத்தில் பாட்டில் ஆசை வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

அன்றைக்குச் சின்னாளபட்டியில் சேலைக்கட்டை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, நாற்கர ரோட்டை ஒட்டி ஒரு வாகை மரத்தடியில் காரை நிறுத்தினேன்.

“ஏம்மா நிப்பாட்டிட்ட?”

“அந்தப் பென்டிரைவ்ல என்ன இருக்குன்னு சொல்லுங்க. சொன்னாத்தான் வண்டி நகரும்.”

மாமா ரோட்டைப் பார்த்தார். நிலக்கோட்டைப் பூ வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது, மல்லிகை வாசனை மட்டும் செத்த நேரம் நின்றது. பிறகு அவர் தன் போனை எடுத்து, எதையோ தேடி, அழுத்தி, என் மடியில் வைத்தார்.

போனிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

“மரண அறிவிப்பு. மேட்டுப்பட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர் ராயப்பராஜ் இறைவனில் இளைப்பாறினார். அவருடைய மகன் இனிகோ வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த பிறகே அடக்கம் நடைபெறும். அன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஜெபிக்க வேண்டுகிறோம்.”

குரலுக்குப் பின்னால் ஒரு காகம் கத்தியது. பக்கத்து வீட்டு குக்கர் விசில் கேட்டது. எங்கள் அடுக்களைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்துதான் பதிவு பண்ணியிருக்கிறார்.

இந்தக் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தேவாலயப் பங்கில் யார் இறந்தாலும் தெருத்தெருவாக ஆட்டோவில் அறிவிப்புப் போகும். அதைப் பேசுவது மாமாதான், பல வருடங்களாக. காசு வாங்கமாட்டார். ஆனால் ஒரு கண்டிப்பு உண்டு. செத்தவர் வீட்டுக்குப் போய் முகத்தை நேரில் பார்த்த பிறகுதான் மைக்கைத் தொடுவார். ஒரு தடவை மதுரை ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்துவிட்டதாகப் போன் வந்தும், “பொட்டி வந்து எறங்கட்டும், பாத்துட்டுச் சொல்றேன்” என்று உட்கார்ந்துவிட்டார். பொழுது சாயும்போது அந்த ஆள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டார் என்று சேதி வந்தது. அதிலிருந்து ராயப்பராஜ் சார் சொன்னால்தான் சாவு என்று ஊரில் ஆகிவிட்டது.

அந்தக் குரல் இப்போது தன் சாவையே சொன்னது.  என் வாயில் வந்தது சண்டைதான்.

“உசுரோட இருக்கிறப்பவே எதுக்கு மாமா இந்த வேலை? வீட்டுல வெளக்கேத்தி வைக்கிற நேரம் பாத்து இதத்தான் பேசிக்கிட்டு இருந்தீகளா?”

“கோவப்படாத ஷைனி. நான் கண்ண மூடுனா என் தம்பிமாரு அன்னைக்குச் சாயங்காலமே எடுத்துருவாய்ங்க. யாருக்காக வைக்கணும்னு கேப்பாய்ங்க. உன்னால மல்லுக்கட்ட முடியாது. நானே சொல்லிட்டேன்னா ஊரு அதுக்கு மேல பேசாது. என் வாய்ல வந்தத இதுவரைக்கும் யாரும் மீறுனதில்ல.”

“அதுக்கு ஸ்டீரியோ எதுக்கு?”

“ஆட்டோல கொழா ஸ்பீக்கரக் கட்டி அலற விடக்கூடாது. அவன் கார்ல போகணும். கண்ணாடிய எறக்கிவிட்டு நீ மெதுவா ஓட்டிட்டுப் போகணும். ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமாக் கேக்கணும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. செத்த பிறகும் மகனுக்காகக் காத்துக்கொண்டு படுத்திருக்க ஒரு மனிதன் ஏற்பாடு பண்ணுகிறான். எவ்வளவு வீம்பு, எவ்வளவு பாசம். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இதுல என்ன மாமா சரியில்ல? தெளிவாத்தானே பேசியிருக்கீக?”

“போன்ல சரியா இருக்கு. ரிக்கார்டு பண்ணுன கம்ப்யூட்டர்லயும் சரியா இருக்கு. இந்தக் கார்ல போட்டா வேற மாதிரிச் சொல்லுது.”

“வேற மாதிரின்னா?”

“நான் சொல்லாததச் சொல்லுது. எங் கொரல்லயே சொல்லுது.”

பென்டிரைவைத் தாருங்கள், இப்போதே போட்டுப் பார்க்கலாம் என்றேன். அவர் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். “வேணாம் தாயி. நீ கேக்கக் கூடாது. செட்டுல ஏதோ கோளாறு. நல்ல செட்டா மாட்டுனாச் சரியாயிரும். சரியானப்பறம் கேளு.”

வயசு, காது மந்தம், வெயில், மனசு. வீடு வரும்வரைக்கும் எனக்குத் தோன்றிய காரணங்கள் இவைதான். பேயைப் பற்றி நான் நினைக்கவில்லை. பேய்க்குப் பயப்படுகிற ஆளில்லை நான். காது டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று மட்டும் முடிவு பண்ணினேன்.

ஆனால் டாக்டருக்கு முன்னால் பாயின் போன் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து உயர்ந்த செட் ஒன்று வரவழைத்திருக்கிறாராம். அதற்கு மேல் சுத்தமான சத்தம் இந்த விலையில் இந்த ஊரில் கிடையாதாம். “சார் மனசு நெறையலேன்னா நான் கடையச் சாத்திட்டுப் போயிர்றேன் தங்கச்சி” என்றார் சிரித்துக்கொண்டு.

கடையில் ஒரு சுவர் முழுக்கப் பலகை அடித்து, செட்டுகளையும் ஸ்பீக்கர்களையும் மாட்டி வைத்திருப்பார்கள். வாங்குகிறவர்கள் கொண்டுவருகிற பாட்டையே ஒவ்வொன்றிலும் போட்டு வித்தியாசம் காட்டுவார் பாய். புது செட்டைப் பலகையில் பொருத்திவிட்டுக் கையை நீட்டினார். மாமா கொஞ்சம் யோசித்துப் பென்டிரைவைக் கொடுத்தார். முதலில் ஒரு மாதா பாட்டு. அப்படியே தேன் மாதிரி இறங்கியது. அடுத்து, “மரண அறிவிப்பு” என்று மாமாவின் குரல் கடையை நிறைத்தது.

வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். செத்தவர் எதிரிலேயே நிற்கிறார்.  குரல் சொன்னது: மகன் இனிகோ வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த பிறகே அடக்கம் நடைபெறும். காகம் கத்தியது. குக்கர் விசில் அடித்தது. எல்லாம் போனில் கேட்டபடியே இருந்தது.

“அல்லா உங்களுக்கு நீண்ட ஆயுசக் குடுக்கட்டும் சார்” என்றார் பாய். “இந்தச் செட்டுல நீங்க சிரிச்சுப் பேசுறதப் போட்டுக் கேக்கணும், இதையில்ல.”

மாமாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “சரியாச் சொல்லுது. இந்தச் செட்டையே மாட்டிருங்க பாய். வயரு, ஸ்பீக்கரு எல்லாத்தையும் சேத்து மாத்திருங்க. பழசு ஒண்ணுகூட இருக்க வேணாம்.”

மாட்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. டேஷ்போர்டைப் பிரித்து, பழைய வயரையெல்லாம் உருவிப் போட்டு, நான்கு கதவிலும் புது ஸ்பீக்கர் வைத்தார்கள். உருவிய வயர்கள் தரையில் கிடந்ததை மாமா ஒரு தடவை காலால் தள்ளினார். ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். நான் கடை பெஞ்சில் இருந்து அவர் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடவே சொல்லிப் பார்க்கிறார் போலிருந்தது. திடீரென்று உதடு நின்றது. அப்படியே நின்றது.

இறங்கியவர் என்னைப் பார்க்கவில்லை. “மொகங் கழுவிட்டு வாரேன்” என்று கடைக்குப் பின்பக்கம் போனார். பென்டிரைவை எடுக்க மறந்துவிட்டார்.

நான் போய்க் காரில் ஏறினேன்.

உள்ளே சூடு. புது ரெக்ஸின் வாசனை. கதவைச் சாத்தினேன், சாவியைத் திருப்பினேன், முதலிலிருந்து போட்டேன். பாட்டு வந்தது, நன்றாகவே வந்தது. அறிவிப்புக்குத் தள்ளினேன்.

“மரண அறிவிப்பு.”

அதே குரல். அதே நிதானம். ஆனால் குரலுக்குப் பின்னால் எங்கள் வீட்டுக் காகம் இல்லை, குக்கர் இல்லை. அந்த இடத்தில் காற்று. ஒரு மரம்கூட இல்லாத பெரிய வெட்டவெளியில் வீசுகிற காற்று. அதில் பொடிப்பொடியாக ஏதோ அடித்துக்கொண்டே இருந்தது. மணலாக இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. கண்ணாடிகள் ஏற்றியிருந்தும் நான் கையால் முகத்தை மறைத்தேன்.

“மேட்டுப்பட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர் ராயப்பராஜ் இறைவனில் இளைப்பாறினார். அவருடைய மகன் இனிகோவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் நடைபெறும்.”

நிறுத்தினேன். அவசரத்தில் வேறு பட்டனைத் தட்டிப் பாட்டு வந்துவிட்டது. மறுபடி போட்டேன். இனிகோவின் கல்லறைக்குப் பக்கத்தில். பாஸைக் குறைத்தேன், ட்ரெபிளைக் கூட்டினேன், சத்தத்தை முழுக்க வைத்தேன். ஒரு எழுத்து மாறவில்லை. முகம் பார்க்காமல் ஒரு சாவையும் சொல்லாத குரல், கலங்காமல், அவசரப்படாமல் சொன்னது. அந்தக் காற்றில் நின்றுகொண்டு சொன்னது. எந்தக் கல்லறை? எங்கே இருக்கிறது? 

கண்ணாடியை இறக்கி, “பாய், செத்த வாங்களேன்” என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

பாய் ஜன்னலில் குனிந்து தலையை உள்ளே நீட்டினார்.

“இது சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லுங்க. வார்த்தைக்கு வார்த்தை.”

“எதுக்குத் தங்கச்சி?”

“சொல்லுங்க பாய்.”

போட்டேன். குரல் பேசப் பேச, பாய் ஒரு வாய்ப்பாடு மாதிரி திருப்பிச் சொன்னார். ஓய்வுபெற்ற ஆசிரியர் என்றார். இளைப்பாறினார் என்றார். மகன் இனிகோ வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த பிறகே அடக்கம் என்றார். அதே நொடியில் நான்கு ஸ்பீக்கரும் கல்லறைக்குப் பக்கத்தில் என்று சொல்லிக்கொண்டிருந்தன. காற்று என் காதுக்குள் புகுந்து இரைந்தது.

“பின்னாடி என்ன சத்தம் கேக்குது பாய்?”

“காக்கா கத்துது. குக்கர் விசில் அடிக்குது. அதக்கூட விடாமக் குடுக்குது பாத்தீங்களா, அதுதான் இந்தச் செட்டு” என்றவர் என்னைப் பார்த்துப் பதறினார். “என்ன தங்கச்சி, மூஞ்சி வெளுத்துப் போச்சு? தண்ணி கொண்டாரச் சொல்லவா?”

வேண்டாம் என்று தலையாட்டினேன். அவருக்குக் கேட்காது. ஊரில் யாருக்கும் கேட்காது. ‘இருக்கார்’ என்று சொல்லிக்கொண்டிருந்த எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் இது.

மாமா பின்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். முகம் கழுவிய தண்ணீர் சட்டையில் சொட்டியது. காருக்குள் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பிறகு மெதுவாக வந்து, இடது பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றபடியே கேட்டார்.

“போட்டுட்டியா?”

“போட்டேன்.”

“என்ன சொல்லுது?”

பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிவு கேட்க வந்த பிள்ளை மாதிரி நின்றார். அவ்வளவு பெரிய மனிதர். எத்தனையோ வீட்டுச் சாவைக் குரல் உடையாமல் சொன்னவர். இப்போது நான் சொல்லப்போகிற ஒன்றுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உண்மையைச் சொன்னால் இந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார். அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“நீங்க பேசுனபடியேதான் மாமா சொல்லுது” என்றேன். “அவுக வந்து சேந்த பெறகுதான் அடக்கம்னு. பாயக்கூடக் கேளுங்க.”

“ஆமா சார், எழுத்துப் பெசகாமச் சொல்லுது” என்றார் பாய்.

மாமா பாயைக் கவனிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. பொய் சொல்லும்போது கண்ணைத் தாழ்த்துகிற பழக்கம் எனக்கு உண்டு, அதனால் பிடிவாதமாக அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“போடு” என்று சொல்லி ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

நான் கண்ணாடியை ஏற்றினேன். போட்டேன். காற்று வந்தது. மணல் அடித்தது. மாமாவின் குரல் மாமாவின் மகனுடைய கல்லறையைப் பற்றிச் சொல்லி முடித்தது, ஜெபிக்கக் கேட்டுக்கொண்டது, நின்றது. நாங்கள் இருவரும் முன்கண்ணாடி வழியாகக் கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் வேட்டியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஆமாம்மா” என்றார். “இப்பச் சரியாயிருச்சு. நல்ல செட்டு.”

இறங்கிப்போய்ப் பாயின் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னார். பாய்க்கு உலகத்தையே ஜெயித்த சந்தோஷம். டீ வரவழைத்தார். மாமா நின்றுகொண்டே டீயைக் குடித்தார், சர்க்கரை சரியாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்கக் குழம்பியது. நிஜமாகவே அவருக்குச் சரியாகக் கேட்டுவிட்டதா? என் காதுதான் கெட்டுவிட்டதா? அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். எனக்குப் பைத்தியம் என்று யாராவது அந்த நேரத்தில் சொல்லியிருந்தால், அவர் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன்.

கிளம்பினோம். பாட்டுப் போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டு நெரிசலைத் தாண்டினோம். சிக்னலில் ஒரு பைக்காரன் உரசிக்கொண்டு போனான். வேறு நாளாக இருந்தால் கண்ணாடியை இறக்கி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அன்றைக்கு அவன் போகட்டும் என்று இருந்தது.

மேட்டுப்பட்டிக்குத் திரும்புகிற ரோட்டில் எங்கள் பங்குக் கல்லறைத் தோட்டம் வரும். சுற்றுச்சுவருக்கு மேல் சிலுவைகளின் தலைகள் தெரியும். அந்த இடம் வந்ததும் மாமா, “கொஞ்சம் ஓரமா நிறுத்தும்மா” என்றார்.

நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீரியோவின் திரையில் சின்ன நீல வெளிச்சம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

“உங்க அத்தைக்குப் பக்கத்துல எடம் சும்மாத்தான் கெடக்கு” என்றார். மைக்கில் பேசுகிற குரல் இல்லை அது. எனக்கே குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

“ம்.”

“நாளைக்குப் பங்குச் சாமியாரப் பாத்து ரெண்டு கல்லறைக்கு எடம் சொல்லி வச்சிர்றேன். ஒண்ணு பக்கத்துல ஒண்ணா.”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. இரண்டாவது கல்லறை யாருக்கு என்று நான் கேட்கவில்லை. உள்ளே வைக்க உடல்கூட இல்லாத ஒருவருக்கு இடம் கேட்கிறோம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“சொல்லிருங்க மாமா” என்றேன்.

பிறகு வண்டியை எடுக்க முடியவில்லை. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, நான்கு வருடத்தில் முதல் தடவையாக என் புருஷன் செத்துப்போனதற்கு அழுதேன். மாமா என் தலையில் கை வைத்தார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.